செலவழியாத பணம் யாருடையது? வட மாகாணக் கணக்குகளின் மீதி நிரலை வாசித்தல்

வட மாகாண சபை இயங்கிய 2013–2018 காலத்தைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கூற்று ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்கிவருகிறது. கொழும்பு பணம் ஒதுக்கியது, மாகாண சபை அமர்ந்த கைதடியால் அதைச் செலவழிக்க முடியவில்லை, ஆண்டு முடிவில் பணம் திறைசேரிக்குத் திரும்பிப் போயிற்று என்பதே அக்கூற்று. அரசியல் மேடைகளில் புழங்கிய இந்தப் பேச்சு ஆய்வெழுத்துக்குள்ளும் நுழைந்து, மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் பயன்தராமற்போனதற்கான காரணங்களுள் ஒன்றாக, ‘நிர்வாகத் திறனின்மை’ என்ற தலைப்பின்கீழ் நிலைபெற்றுவிட்டது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒன்றே: ஒதுக்கீட்டிலிருந்து செலவைக் கழித்து ஆண்டிறுதிக் கணக்கில் எழுதப்படும் மீதி நிரல். அந்த நிரலை இவ்வளவு பாரம் தாங்கும் சான்றாகக் கொள்ள முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியாது என்பது என் முடிவு. மீதி நிரல் மாகாணத்தின் செலவழிக்கும் திறனைத் தனித்துக் காட்டுவதில்லை. பணம் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது என்பனவும் அதற்குள் பெயரின்றிக் கலந்து கிடக்கின்றன.

ஒதுக்கீடு என்பது பணமல்ல, பணம் கேட்பதற்கான அனுமதி. மாகாணங்களின் தேவையை மதிப்பிட்டு நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கிறது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவரும் அதன் உறுப்பினர்கள். ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியதும் மாகாணத்துக்கான தொகைகள் அறிவிக்கப்படுகின்றன. ஆயினும் ஒப்பந்தகாரரின் பில்லுக்குக் காசோலை எழுத வேண்டுமானால் திறைசேரி கட்டுநிதியை விடுவிக்க வேண்டும். சம்பளத்துக்கான மீண்டெழும் கொடை ஓரளவு ஒழுங்காக வந்துசேர்கிறது. ஆசிரியருக்கும் மருத்துவமனை ஊழியருக்கும் சம்பளம் தவறினால் அது மறுநாளே தெருவுக்கு வந்துவிடும். வீதி, பாடசாலைக் கட்டடம், குளத் திருத்தம் போன்றவற்றுக்கான மூலதனக் கொடைக்கு அத்தகைய காவல் இல்லை. நாட்டின் வருமானம் குறையும் ஆண்டில் முதலில் தாமதமாவது அதுவே. நிதி ஆணைக்குழுவின் ஆண்டறிக்கைகள் ஒன்பது மாகாணங்களுக்குமான ஒதுக்கீட்டையும் விடுவிப்பையும் தனித்தனியே காட்டுவதற்குக் காரணம் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதுதான். மீதி நிரலை மேற்கோள் காட்டும் எழுத்துகள் அந்த இரண்டாவது எண்ணைத் தேடிப் பார்ப்பதில்லை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரு வேலைத்திட்டத்துக்கு 100 ரூபாய் ஒதுக்கப்பட்டு, 70 ரூபாய் விடுவிக்கப்பட்டு, 66 ரூபாய் செலவானால் கணக்கில் மீதி 34 என்றே பதியப்படும். கையில் வந்தும் செலவழியாமற்போனது 4 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 30 ரூபாய் திரும்பிப் போகவில்லை, அது வரவேயில்லை. இதோடு சிக்கல் முடிவதில்லை. அரச கணக்குகள் காசு அடிப்படையில் எழுதப்படுவதால், டிசம்பரில் வேலை முடிந்து பில்லும் அத்தாட்சிப்படுத்தப்பட்டு, கட்டுநிதி வராததால் கொடுப்பனவு நின்றுபோன திட்டமும், தொடங்கவே படாத திட்டமும் மீதி நிரலில் ஒரே முகத்தோடு தோன்றுகின்றன. முன்னையது அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் முதற் பங்கைத் தின்கிறது. அதனால் அடுத்த ஆண்டில் புதிய வேலைகள் குறைகின்றன. அந்தக் குறைவும் மாகாணத்தின் சோம்பலாகவே வாசிக்கப்படுகிறது. ஆக, ஒரே தாமதம் இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மாகாணத்தின் பற்றாகப் பதிவாகிறது. மாகாண நிதிப் பிரிவின் பாதீட்டு அலுவலர் ஒருவர் இந்த மூன்று தொகைகளையும், அதாவது ஒதுக்கீடு, வந்த கட்டுநிதி, கட்டவேண்டிய பில் ஆகியவற்றை, பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டே வேலை செய்கிறார். ஆய்வாளர் மட்டும் முதலாவதையும் செலவையும் வைத்துத் தீர்ப்பெழுதுகிறார்.

தொகையைவிட மாதம் முக்கியமானது. இலங்கையின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத சுண்ணாம்புக்கல் நிலத்தில், குளம் தூர்வாருதலும் வாய்க்கால் திருத்தமும் வீதிக்குத் தார் இடுதலும் வறண்ட மாதங்களில் நடந்தாக வேண்டும். நெடுந்தீவுக்குச் சீமெந்தும் கம்பியும் குறிகட்டுவானிலிருந்து படகில் போக வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் அந்தக் கடல் எல்லா நாளும் வழிவிடுவதில்லை. மே மாதத்தில் வரும் ஒரு கோடி ரூபாயும் நவம்பரில் வரும் ஒரு கோடி ரூபாயும் கொழும்பின் பேரேட்டில் சமம். வடக்கில் இரண்டாவதைக் கொண்டு முதலாவது செய்யும் வேலையைச் செய்ய முடியாது. தென்மேற்கு மாகாணங்களுக்கும் மழை உண்டு. ஆனால் ஆண்டின் கடைசிக் காலாண்டும் மழையின் உச்சமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவது வறண்ட வலயத்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில்தான் கடுமையாக உறைக்கிறது. எல்லா மாகாணங்களுக்கும் ஒரே விகிதத்தில் பணம் தாமதித்தாலும் வடக்கின் மீதி கூடுதலாக இருக்கலாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் ஊகம். மாகாணங்களின் மீதியை ஒப்பிட்டுத் தரவரிசை போடுவோர் இந்த ஊகத்தைச் சோதித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது வலுவானது. சபை தீர்மானங்களை நிறைவேற்றுவதிலும், குறிப்பாக 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணையையும் முதலமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையையும் சுற்றி எழுந்த பூசலிலும் காலத்தை இழந்தது. இதை மறுப்பதற்கில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பற்றாக்குறையும், கேள்விப்பத்திரம் கோருவதில் நேர்ந்த தாமதமும் உண்மையே. இவை செலவைக் குறைத்திருக்கும். எவ்வளவு குறைத்தன என்பதை மீதி நிரல் சொல்லாது என்பதே என் வாதம். ஆண்டின் முதல் அரைப்பகுதியில் வந்துசேர்ந்த கட்டுநிதியில் எவ்வளவு செலவாகாமல் நின்றது என்று பார்த்தால் மட்டுமே அந்தப் பங்கு தெரியும். இரண்டாவது தடை, முன்னேற்ற அறிக்கைகளை மாகாணம் பிந்தி அனுப்பியதால்தான் விடுவிப்பும் பிந்தியது என்பது. சில திட்டங்களில் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் விடுவிப்புக் குறைவு ஒன்பது மாகாணங்களுக்கும் பொதுவாக இருக்கும்போது, ஒன்றின் அறிக்கைத் தாமதத்தால் அதை விளக்குவது காரணத்தைத் தலைகீழாக்குவதாகும். மூன்றாவது, ஒற்றையாட்சி அரசில் காசைப் பங்கிடும் உரிமை திறைசேரிக்கு உரியது என்பது. உரிமை யாருக்கு என்பது இங்கே கேள்வியே அல்ல. தாமதிக்கும் உரிமை உடையவர் தாமதத்தின் விளைவைப் பிறர் கணக்கில் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

இரு வாசிப்புகளையும் உரசிப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்ட பின் 2007 முதல் 2013 வரை வட மாகாணத்தை ஆளுநரும் அலுவலர்களுமே நடத்தினர். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தபின் மீண்டும் அதே நிலை. மீதிக்குக் காரணம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களின் திறனின்மை என்றால், அவர்கள் இல்லாத ஆண்டுகளில் அது பெருமளவு மறைந்திருக்க வேண்டும். காரணம் விடுவிப்பு என்றால், திறைசேரி நெருக்கடிப்பட்ட ஆண்டுகளில் யார் ஆண்டாலும் அது வீங்க வேண்டும். வெளிநாட்டுக் கடன் தவணையை நாடு நிறுத்திய 2022 அதற்குக் கடுமையான சோதனை ஆண்டு. போர் நடந்த 2009 வரையான ஆண்டுகளை நேரடியாக ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கூற்றை முன்வைத்தோர் இந்த ஒப்பீட்டை மேற்கொள்ளாமலே முடிவுக்கு வந்தது அவர்களது வாதத்தின் பெருங்குறை.

சொந்த வருமானம் இருந்திருந்தால் மாகாணம் இந்தத் தாமதத்தை ஓரளவு தாங்கியிருக்கும். 1957இன் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கையே பிரதேச சபைகளுக்கு வரிவிதிக்கவும் கடன்பெறவும் அதிகாரம் வேண்டும் என்றது. 13ஆம் திருத்தத்தின்கீழ் மாகாணங்கள் அறவிட்ட புரள்வு வரி 2011 முதல் நீக்கப்பட்டது. பதிலாக மத்திய அரசு திரட்டும் தேச நிர்மாண வரியில் மூன்றில் ஒரு பங்கு தரப்பட்டது. அந்த வரியும் 2019 டிசம்பரில் ஒழிக்கப்பட்டது. புலம்பெயர்ந்தோரின் உதவியைப் பெறவென எண்ணப்பட்ட முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச்சட்டம் ஆளுநரின் அனுமதி கிடைக்காமல் நின்றது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி, நிதி சார்ந்த நியதிச்சட்டத்தைச் சபையில் முன்வைப்பதற்கே ஆளுநரின் விதப்புரை வேண்டும். இந்தியாவில் 2021–26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. சென்னையின் நிதித்துறை அலுவலர் அத்தகைய பங்கோடு சொந்த வரி வருமானத்தையும் கூட்டி ஆண்டைத் திட்டமிடுகிறார். கைதடியின் அலுவலருக்கு அப்படி நம்பித் தொடங்க ஒரு தொகை இல்லை.

ஆகவே அதிகாரப் பகிர்வை எடைபோடுவோர் ஒதுக்கீட்டின் பருமனோடு விடுவிப்பின் திகதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூலதனக் கொடைக்கும் கட்டுநிதி வந்த மாதத்தையும், ஆண்டிறுதியில் கட்டப்படாதிருந்த பில்களின் தொகையையும் மீதி நிரலுக்குப் பக்கத்தில் வெளியிடப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்த விவரங்கள் அலுவலகப் பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ளன. அவை வெளிவந்தபின் மாகாண சபையின் தவறு எனத் தனித்து நிற்பது எதுவோ, அதை எவரும் கண்டிக்கலாம். அதுவரை ‘திரும்பிப் போன பணம்’ என்பதை ஆய்வு முடிபாக மேற்கோள் காட்டுவது தகாது.