நல்ல சாலை இயக்கமும் மிதிவண்டியும்

நல்ல சாலை இயக்கம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாட்டுப்புறச் சாலைகளைச் சீராக்கக் கோரி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்த மக்கள் இயக்கம் ஆகும். மகிழுந்துகள் ஓடுவதற்காகவே நல்ல சாலைகள் போடப்பட்டன என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அந்நாட்டில் நல்ல சாலை வேண்டும் என்று முதலில் அமைப்பாகத் திரண்டு கேட்டவர்கள் மிதிவண்டி ஓட்டியவர்களே. கேட்டது கிடைத்தது, கிடைத்த வேளையில் அது அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது.

சேற்றுப் பாதைகள்

அக்காலத்தில் தொலைதூரப் பயணத்துக்குத் தொடர்வண்டி இருந்தது. ஆகையால் ஊர்ச்சாலைகளைப் பற்றி அரசுகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொடர்வண்டி நிலையத்திலிருந்து பண்ணை வரை இருந்தது பெரும்பாலும் வெறும் மண்பாதைதான். பனி உருகும் வசந்த காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். சாலையைப் பேணிய முறை அதைவிட மோசம். பல இடங்களில் உழவர்கள் சாலை வரியைப் பணமாகக் கட்டாமல், ஆண்டுக்குச் சில நாள் உடலுழைப்பாகக் கொடுக்கலாம். வயல்வேலை இல்லாத நாளில் கூடுவார்கள், பள்ளங்களில் மண்ணை இழுத்துப் போடுவார்கள், கலைவார்கள். அடுத்த மழையில் அது கரைந்துவிடும். 1904இல் அரசு எடுத்த கணக்கின்படி, 20 இலட்சம் மைல்களுக்கும் மேற்பட்ட நாட்டுப்புறச் சாலைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மட்டுமே ஜல்லி, சரளை போன்றவை பரப்பிய சாலைகள்.

இந்தச் சேற்றில் குதிரை எப்படியோ நடந்துவிடும். மிதிவண்டியால் முடியாது.

மிதிவண்டியாளர் கழகம்

1880 மே 31 அன்று ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் அமெரிக்க மிதிவண்டியாளர் கழகம் தொடங்கப்பட்டது. அன்றைய மிதிவண்டியின் முன்சக்கரம் மிகப் பெரியது; ஓட்டுபவர் அதன் உச்சியில் அமர்ந்திருப்பார். சாலையில் ஒரு பள்ளம் போதும், தலைகுப்புற விழ. எனவே நல்ல சாலை என்பது அவர்களுக்குச் சொகுசு அன்று, உயிர்ப்பிரச்சினை. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின் பெண்களும் நடுத்தர வயதினரும் கூட அச்சமின்றி மிதிவண்டியில் ஏறினர். 1898 அளவில் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டியது.

இக்கழகத்தின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1894இல் அது விதி செய்தது. கறுப்பினத்தைச் சேர்ந்த மேஜர் டெய்லர் 1899இல் மிதிவண்டிப் பந்தயத்தில் உலக வாகையர் ஆனார். அப்போதும் அந்த விதி அப்படியே இருந்தது. முறைப்படி அது நீக்கப்பட்டது 1999இல்தான். சாலை எல்லாருக்கும் பொது என்று வாதாடிய கழகம் தன் வாசலை இப்படி அடைத்து வைத்திருந்ததை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது சரியாகாது.

உழவர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

நகரத்தார் ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகச் சுற்றிவர, வரி கட்டுவது யார்? உழவர்களின் கேள்வி இதுவே. 1890களின் தொடக்கத்தில் ஒரு நல்ல மிதிவண்டியின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. சாதாரண உழவருக்கு எட்டாத தொகை. போதாக்குறைக்கு, விரைந்து வரும் மிதிவண்டியைக் கண்டு குதிரைகள் மிரண்டன. இந்த எதிர்ப்பைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பயன் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு என்றால் யார்தான் ஒப்புவார்?

கழகத்தார் இதைப் புரிந்துகொண்டு பேச்சை மாற்றினர். 1891இல் ஐசக் பாட்டர் உழவர்களை நோக்கியே ஒரு நூல் எழுதினார். சேற்றுச் சாலையால் உழவருக்கு எவ்வளவு இழப்பு, கெட்டியான சாலையில் அதே குதிரை எவ்வளவு கூடுதல் பாரம் இழுக்கும் என்பதுதான் அதன் வாதம். அதே ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலம், சாலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மாநிலமே ஏற்கும் சட்டத்தை இயற்றியது. 1893இல் நடுவண் அரசு சாலை ஆய்வு அலுவலகத்தை வேளாண்மைத் துறையின் கீழ் அமைத்தது. ராய் ஸ்டோன் என்பவர் அதன் தலைவர். ஒதுக்கப்பட்ட தொகை 10,000 டாலர். அந்தத் தொகையில் சாலை போட முடியாது, போட்டுக் காட்டத்தான் முடியும். 1897இல் நியூ ஜெர்சியில் வேளாண் கல்லூரி அருகே 660 அடி நீளத்துக்கு ஒரு மாதிரிச் சாலை போடப்பட்டது. ஒரு நல்ல ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதைப் போன்றது இது.

உண்மையில் உழவர் மனத்தை மாற்றியதில் தபால்காரருக்கும் பெரும் பங்கு உண்டு. 1896இல் நாட்டுப்புற வீடுகளுக்கே தபாலைக் கொண்டுசேர்க்கும் திட்டம் தொடங்கியது. வண்டி செல்லத் தக்க சாலை இருந்தால்தான் தபால் வரும் என்றது அஞ்சல் துறை. செய்தித்தாளும் கடிதமும் வாசலுக்கு வரும் என்றதும் சாலையில் உழவருக்கும் ஒரு பங்கு ஏற்பட்டது.

ஓரப்பாதைகள்

இதே காலத்தில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் வட்டாரத்தில் மிதிவண்டியாளர்கள் தாங்களே பணம் திரட்டி, சேற்றுச் சாலையின் ஓரமாக நிலக்கரிக் கசடு கொட்டிய குறுகிய பாதைகளை அமைத்தனர். குதிரைவண்டிகளுக்கு அங்கே இடமில்லை. 1899இல் அம்மாநிலம் இதற்கெனச் சட்டமே இயற்றியது. சிறு கட்டணம் செலுத்தி உரிம வில்லை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் அப்பாதையில் போகலாம். அந்தப் பணம் பாதையைப் பேணப் பயன்பட்டது.

கழகத்தில் ஒரு சாரார் இதை விரும்பவில்லை. நமக்கென்று தனிப்பாதை போட்டுக்கொண்டால் பொதுச்சாலையைச் சீராக்க யார் முன்வருவார் என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். பொதுச்சாலையில் தங்கள் இடத்தை யாரும் பறிக்க முடியும் என்று அவர்கள் அப்போது நினைக்கவில்லை.

1900ஐ ஒட்டி மிதிவண்டி மோகம் வடிந்தது. உரிமக் கட்டணம் வற்றியதும் ஓரப்பாதைகள் சிதைந்தன. சாலைகள் அகலமானபோது எஞ்சியவையும் மறைந்தன. இயக்கத்துக்குப் பொருளுதவி செய்த மிதிவண்டி உற்பத்தியாளர் ஆல்பர்ட் போப்பே மகிழுந்துத் தொழிலில் இறங்கிவிட்டார். 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வெளிவந்தது. 1916இல் நடுவண் அரசு, தபால் செல்லும் நாட்டுப்புறச் சாலைகளுக்காக ஐந்தாண்டுகளில் 7.5 கோடி டாலர் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மிதிவண்டியாளர்கள் கால் நூற்றாண்டாகக் கேட்டது அது. ஆனால் அந்தச் சாலைகளில் ஓடியது மகிழுந்து. வேகம் கூடக் கூட, மிதிவண்டியில் செல்பவர் தாம் கேட்டு வாங்கிய சாலையின் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்.

தண்டவாளம் விட்டுச்சென்ற பாதை

மகிழுந்தும் சரக்குந்தும் பெருகியதால் தொடர்வண்டிக்கும் நாட்டுப்புறத்தில் வேலை குறைந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் ஊர்களுக்கு இடையிலான இருப்புப்பாதை 1960களில் கைவிடப்பட்டது. மாநில அரசு அந்நிலத்தை வாங்கி, தண்டவாளம் இருந்த தடத்தை 32 மைல் நீளப் பாதையாக்கியது. நீராவி வண்டிக்காக அமைந்த தடம் ஆதலால் ஏற்றம் மிகக் குறைவு, மிதிப்பது எளிது. இத்தகைய பாதைகளுக்கு அந்நாட்டில் இது முன்னோடி. 1899இல் கசடு கொட்டிப் போட்ட ஓரப்பாதைகளைப் போலவே இங்கும் மிதிவண்டியில் செல்வோர் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். மகிழுந்துக்கு இடமில்லை. வழியில் மலையைக் குடைந்த மூன்று சுரங்கங்கள் உள்ளன. அவற்றுள் நீளமானது ஏறத்தாழ முக்கால் மைல். உள்ளே இருட்டு, மேலிருந்து நீர் சொட்டும். அங்கே மட்டும் இறங்கி, கைவிளக்கின் துணையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போக வேண்டும்.