மார்ச் 31 டெபாசிட்டும் பில்போர்டு வரிசையும்

2021 ஜூன் மாதம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, நியூ ஜெர்சி மாமாகிட்ட சொல்லி 'பட்டர்' பாட்டை நாலு தடவை வாங்கச் சொல்றீங்களா? பாட்டி குடுத்த தீபாவளிக் காசு வச்சிருக்கேன்."

பிடிஎஸ் என்கிற கொரியப் பையன்களின் பாட்டு. அமெரிக்காவில் வாங்கினால்தான் பில்போர்டு வரிசையில் ஏறுமாம்.

"ஒரு பாட்டை ஒரு தடவை வாங்கினா போதாதா?"

"ரேடியோல எங்க பாட்டை அவ்வளவா போட மாட்டாங்கப்பா. நாங்கதான் தூக்கி விடணும்."

நான் இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். மார்ச் 31 அன்று தெரிந்த வாடிக்கையாளர்களைக் கெஞ்சி டெபாசிட் போட வைப்பதும், ஏப்ரல் முதல் வாரமே அந்தப் பணம் நடையைக் கட்டுவதும் பார்த்துப் பழகிய கண். "இது கள்ளக் கணக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் பேச்சே இல்லை.

சரி, அந்தக் கணக்கைத்தான் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன்.

பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 வரிசை 1958ல் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில், "எது நன்றாகப் போகிறது?" என்று கடைக்காரர்களையும் வானொலிக்காரர்களையும் கேட்டுத்தான் போடுவார்கள். ஆல்பங்களுக்கும் கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. ஆடிட்டர் கேட்டால் காட்ட வவுச்சர் கிடையாது :-)

1991 மே மாதம் ஆல்பம் வரிசை பார்கோடு விற்பனைக் கணக்குக்கு மாறியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு முதலிடம் பிடித்தது. செப்டம்பரில் கண்ட்ரி பாடகர் கார்த் ப்ரூக்ஸின் ஆல்பம் வந்த வேகத்தில் முதலிடத்தில் உட்கார்ந்தது. இவர்களுடைய ரசிகர்கள் என்ன, ஒரே ராத்திரியில் முளைத்தவர்களா? முன்பே இருந்தவர்கள்தான். யாரும் சரியாக எண்ணவில்லை, அவ்வளவுதான். என் மகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதே புகார்தானே?

சரி, ரசிகர்கள் தூக்கிவிட்டால் பாட்டு நிலைத்து நிற்குமா? அது வேறு கதை.

'பட்டர்' 2021ல் மொத்தம் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. கிளாஸ் அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஹீட் வேவ்ஸ்' 2020ல் வந்த பாட்டு. ஊர்ந்து ஊர்ந்து 59வது வாரத்தில், 2022 மார்ச்சில்தான் முதலிடம். அங்கே இருந்தது 5 வாரம். ஆனால் வரிசையில் மொத்தம் 91 வாரம்!

இன்னும் பழைய கதை பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973ல் அமெரிக்காவில் ஒரே ஒரு வாரம்தான் முதலிடம். ஆனால் 1988க்குள் ஆல்பம் வரிசையில் 741 வாரங்கள். யோசித்துப் பாருங்கள். ரசிகன் இசைத்தட்டை ஒருமுறை வாங்கி ஆயிரம் முறை கேட்டாலும் அன்றைய கணக்கில் அது ஒன்றுதான். அப்படியானால் வாராவாரம் யாரோ புது ஆள் கடைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். சின்னச் சின்ன சேமிப்புக் கணக்குகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் இருப்பு குறைவு, ஆனால் கிளையைத் தாங்குவது அவைதான்.

2022 தொடக்கத்தில் பில்போர்டு விதியை மாற்றியது. ஒருவர் ஒரு பாட்டை வாரத்துக்கு எத்தனை தடவை வாங்கினாலும் கணக்கில் ஒன்றுதான். செய்தியைப் படித்ததும் நான் சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. 2022 டிசம்பரில் பிடிஎஸ் பையன்களில் மூத்தவரான ஜின் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசி ஆள் சேவையை முடித்தபோது 2025 ஜூன். அந்த இரண்டரை வருஷமும் என் மகள் காத்திருந்தாள். பள்ளி முடிந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். அறைச் சுவரில் இருந்த படத்தை மட்டும் எடுக்கவில்லை.

மார்ச் 31 டெபாசிட் இப்படி இருக்காது. நான் தப்பான தலைப்பில் வரவு வைத்துவிட்டேன்.

அன்றைக்கே மச்சானுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.