தங்கத்துக்குப் போன மின்சாரம்

கோட்டை என்றதும் நமக்கு ராஜாக்களின் ஞாபகம்தான் வருகிறது. ராயக்கோட்டை மலைமேல் ஏறுகிறவர்கள் திப்புவைப் பற்றியும், 1791-ல் கோட்டையைப் பிடித்த கார்ன்வாலிஸின் படையைப் பற்றியுமே பேசுவார்கள். எனக்கோ அங்கே நிற்கும்போதெல்லாம், பீரங்கி இழுத்தவர்களைக் காட்டிலும் கம்பி இழுத்தவர்களின் நினைவே அதிகம் வரும்.

மேற்கே, மலைகளுக்கப்பால், காவிரி அருவியாய் விழும் சிவசமுத்திரம். வடக்கே கோலார் தங்கவயல். சுரங்கத்தில் கல்லை இடிக்கவும், ஆட்களை ஏற்றி இறக்கவும் விறகும் நிலக்கரியும் எரித்து மாளவில்லை. அருவியின் பலத்தையே அங்கே அனுப்பினால் என்ன என்று மைசூர் திவான் சேஷாத்ரி அய்யரின் அரசாங்கம் எண்ணியது. இடைவெளி 92 மைல்! பொறுப்பை ஏற்றவர் ஜோலி டி லோட்பினியர் என்ற ராணுவ எஞ்சினியர். அமெரிக்காவிலிருந்தும் ஸ்விட்சர்லாந்திலிருந்தும் வந்த யந்திரங்களை யானைகளும் மாட்டு வண்டிகளும் காட்டு வழியே இழுத்துச் சென்றன.

மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தத்தை இரு மடங்காக்கினால், அதே சக்தியை அனுப்பப் பாதி மின்னோட்டம் போதும். கம்பி சூடாகி வீணாவதோ கால் பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் 30,000 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். 1902 ஜூன் 30-ல் மின்சாரம் தங்கவயலை எட்டியது. அதைப் பார்க்க சேஷாத்ரி அய்யர் இல்லை. முந்தின ஆண்டே காலமாகிவிட்டார்.

கம்பி இழுத்ததோடு வேலை தீர்ந்ததா? விறைப்பாகக் கட்டினால் குளிரில் சுருங்கி அறும். தொய்வாக விட்டால் வெயிலில் நீண்டு மரக்கிளையைத் தொடும். இடி விழுந்தால் பீங்கான் வெடிக்கும். ஆகவே கம்பியின் அடியிலேயே மேடும் பள்ளமும் ஏறியிறங்கிப் பார்த்துவர ஆள் வேண்டும். இன்றும் வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்தக் கம்பி வழியிலிருந்த கிராமங்களுக்காகப் போடப்பட்டதல்ல. முதலில் தங்கத்துக்கு, பிறகு, 1905-ல், பெங்களூர் நகரத்துக்கு. குடிசைக்கு மேலே 30,000 வோல்ட் ஓடியது. குடிசைக்குள்ளே அகல் விளக்கு எரிந்தது. வடாற்காட்டிலிருந்து பிழைக்கப் போன நம்மவர்கள் அந்தச் சக்தியால் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். தோண்டிய பொன்னோ கப்பலேறியது.

நஷ்டம் தாங்காமல் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. விந்தையைப் பாருங்கள்! இரண்டே ஆண்டுகளில், 2003-ல், ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் கடந்து கோலாருக்கே 5 லட்சம் வோல்ட் மின்பாதை வந்தது. இம்முறை மின்சாரம் அங்கேயே தங்கிவிடவில்லை. ஓசூருக்கும் கிளை பிரிந்து வருகிறது. ஒரு காலத்தில் நம் மலைகளைத் தாண்டிப் போன சக்தி, இப்போது அந்தத் திசையிலிருந்தே நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

மழை இரவில் விளக்கு அணைந்தால் நாம் இலாகாவைத் திட்டுகிறோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்நேரம் எங்கோ ஒரு பாறைச் சரிவில், கையில் டார்ச்சுடன் ஒருவன் கம்பியை அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருப்பான். நாடாண்டவர்களின் பெயர்களோடு, அவனையும் சரித்திரத்தில் சேர்த்துக்கொண்டால் என்ன?