மின்கலமும் சிறகும்

மின்வலுவாற் பறக்கும் விமானத்தின் வரலாறு ஒருவகையில் மின்கலத்தின் வரலாறேயாம். மோட்டர் எத்துணைச் சிறந்ததாயினும் அதற்குச் சத்தி வழங்கும் மின்கலவடுக்குப் பாரமானதாயின் விமானம் நிலத்தை விட்டெழாது. வானொலிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிறு சறுக்கு விமானமொன்றைக் கட்டும் மாணவன் எம்மின்கலத்தைத் தெரிதல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடையும் அவ்வரலாற்றிலேயே பொதிந்துள்ளது.

1883ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் பிரான்சிலே திசாந்தியே சகோதரர், ஒன்றரைப் பரிவலு மோட்டர் பூட்டிய வான்கப்பலிற் பறந்தனர். மறு ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் றெனார், கிறெப்ஸ் என்னும் இருவர் ‘லா பிரான்ஸ்’ என்ற வான்கப்பலில் 23 நிமிடத்தில் எட்டுக் கிலோமீற்றர் சென்று, புறப்பட்ட இடத்துக்கே மீண்டனர். அதன் மின்கலங்களின் நிறை 435 கிலோகிராம். அப்பாரத்தை ஐதரசன் வாயு தாங்கிற்று, சிறகு தாங்கியிராது.

1859இல் பிளாந்தே கண்ட ஈய மின்கலம் மீண்டும் மின்னேற்றத் தக்கதெனினும் மிகப் பாரமானது. 1899இல் சுவீடன் நாட்டு யுங்னர் நிக்கல்-கட்மிய மின்கலத்தை ஆக்கினார். 1957ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் இங்கிலாந்திலே கேணல் டாப்ளின் ‘றேடியோ குயீன்’ என்னும் மாதிரி விமானத்தை மின்வலுவாற் பறக்கவிட்டார். வானொலியால் இயக்கிய மின்விமானத்தின் பதிவுபெற்ற முதற் பறப்பு இதுவென்பர். அவர் தெரிந்தது வெள்ளி-நாக மின்கலம். அது பாரங் குறைந்தது; ஆயின் விலை மிக்கது, ஆயுள் குறுகியது.

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், மிலிட்கி என்பாரின் முயற்சியால், ஒஸ்திரியாவிலே பிறிட்ஷ்கா என்பவர் மின்விமானத்தில் ஏறிப் பறந்தார். மோட்டர் பூட்டிய சறுக்கு விமானமொன்றே நிக்கல்-கட்மிய மின்கலங்களுக்கேற்ப மாற்றப்பட்டது. பறப்புக் கால்மணி நேரமும் நீடிக்கவில்லை. எனினும் சறுக்கு விமானத்தைத் தெரிந்தமை கூர்ந்து நோக்கத்தக்கது. நீண்ட சிறகுடைய அது மேலெழுதற்கே பெரிதும் வலுவை வேண்டுவது. எழுந்தபின் காற்றே அதற்குத் துணை.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இரண்டு கிலோகிராம் நிறையுள்ள மாதிரி விமானம் 200 மீற்றர் உயர ஏறத்தாழ 1.1 வாற்று-மணிச் சத்தி வேண்டும். பாதி வீணாகுமெனக் கொண்டால் 2.2 வாற்று-மணி. 200 கிராம் நிக்கல்-கட்மிய மின்கலம் ஏறக்குறைய 8 வாற்று-மணி கொள்ளும். மூன்று ஏற்றங்களுக்கே அது போதும். 1991இல் வணிகத்துக்கு வந்த இலிதியம்-அயன் மின்கலத்தின் வழிவந்த இலிதியம்-பொலிமர் வகை, அதே நிறையில் ஏறக்குறைய 30 வாற்று-மணி கொள்ளும்; பதின்மூன்று ஏற்றங்களுக்கு அது போதும்.

ஆயினும் கொள்ளளவு மட்டும் போதாது. குளம் நிறைந்திருப்பினும் மதகு சிறிதாயின் வயலுக்கு வேண்டிய வேளையில் நீர் பாயாது. 200 மீற்றரை 40 விநாடியில் ஏறவேண்டின் ஏறத்தாழ 200 வாற்று வலு வேண்டும். அதாவது அம்மின்கலம் தன் சத்தி முழுவதையும் ஒன்பது நிமிடத்தில் ஈயும் விரைவுடையதாதல் வேண்டும். இலிதிய மின்கலங்கள் யாவும் இதற்கு ஆற்றா. மேலும், அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலோ துளைபட்டாலோ இலிதிய மின்கலம் தீப்பற்றக்கூடும், கட்மியமோ நச்சுலோகம். குறையற்ற மின்கலம் எதுவுமில்லை.

ஆகவே தெரிவுசெய்வோன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எவ்வளவு கொள்ளும்? எவ்வளவு விரைவில் ஈயும்? எவ்வளவு பாரம்? றெனார் மூன்றாம் வினாவை வாயுவிடம் ஒப்படைத்தார். டாப்ளின் அதற்கு வெள்ளியால் விலை கொடுத்தார். மிலிட்கி குறைந்த வலுவோடு நிறைவுறும் விமானத்தைத் தேர்ந்தார். இலிதிய மின்கலத்துக்கு வழிவகுத்த மூவர் 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். கருவி கைக்கு வரும்வரை காத்திராது, உள்ளதன் எல்லையை அளந்து செயற்பட்ட முன்னோரே அவ்வெற்றிக்கு முன் வானத்தைத் திறந்தவர்கள். அவ்வளந்தறியும் பழக்கமே நம் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பேறு.