லைன் வீடு: கோலார் தங்கவயலில் ஒரு குடியிருப்பின் வரலாறு

பாலக்கோட்டிலிருந்து கிருஷ்ணகிரி, குப்பம் வழியாகக் கோலார் தங்கவயல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இரண்டு மாநில எல்லைகளைத் தாண்டிப் போய் இறங்கினால் காதில் விழுவது தமிழ்தான். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்தே சுரங்கத்துக்குப் பெருமளவில் ஆள் போனது. 1965 வரை தர்மபுரியும் பாலக்கோடும் சேலம் ஜில்லாவில் இருந்தவை. அப்படிப் போனவர்கள் குடியிருந்த 'லைன்' யாருக்காகக் கட்டப்பட்டது, யாருடையதாக மாறியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தாது வருஷப் பஞ்சம் (1876–78) சேலம் ஜில்லாவை உலுக்கிய சில ஆண்டுகளுக்குள், 1880இல், ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. நிலமற்றவர்கள், அவர்களிலும் பெரும்பான்மையாகத் தலித் மக்கள், மேஸ்திரிகளின் பின்னால் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஊரில் கூலி தானியமாகக் கிடைத்தது. இங்கே காசாகக் கிடைத்தது. அந்த வேறுபாட்டின் கனம் இன்று நமக்குச் சட்டென்று விளங்காது.

அவர்களுக்குக் கிடைத்த வீடு மூங்கில் தட்டியால் ஆனது. ஒரே அறை, பக்கத்து வீட்டுக்கும் அதே தட்டிதான் சுவர். வரிசை வரிசையாக நின்றதால் 'லைன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இதே ஆங்கிலச் சொல் 'லயம்' ஆயிற்று. கடல் கடந்தவர்களும் கடக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் தட்டி போய்ச் செங்கல்லும் ஓடும் தகரமும் வந்தன. ஒற்றை அறை என்ற கணக்கு மட்டும் பெரிதாக மாறவில்லை. பிளேக் பயத்துக்குப் பிறகு மைசூர் அரசு அளந்து கட்டிய ராபர்ட்சன்பேட்டையையும், அதிகாரிகளின் பங்களாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லைனின் அளவு புரியும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததை வரலாற்று நூல்கள் வியந்து எழுதுகின்றன. அந்த மின்சாரம் இயந்திரங்களுக்காக வந்தது.

லைனைக் கம்பெனி கண்காணிப்புக்கு ஏற்றபடி அமைத்தது என்பதே என் கருத்து. சங்கு ஊதினால் ஷிப்டுக்கு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தங்கத் தாது திருடு போனால் சோதனை போட வசதியாக இருக்க வேண்டும். வேலை போனால் வீடும் போய்விடும். ஆனால் நெருக்கிக் கட்டிய வீட்டில் ஒரு வீட்டுப் பேச்சு நான்காவது வீடு வரை போய்ச் சேரும் என்பதைக் கம்பெனி கணக்கில் எடுக்கவில்லை. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதியப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. வலுவான சங்கம் ஏதும் இல்லாத அந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. பின்னர் 1946 நவம்பர் 4 அன்று, தொழிலாளர் போராட்டத்தின்மீது நடந்த போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தங்கவயலில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

லைனில் படிப்பும் நடந்தது. பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழுக்கு இங்கே வாசகர்களும் ஆதரவாளர்களும் இருந்தார்கள். அவர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் செயல்பட்டது. பண்டிதர் 1914இல் மறைந்த பின், 1920களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். ஒற்றை அறை வீட்டுக்காரர்கள் ஒரு பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தார்கள் என்பது தமிழ் இதழியல் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தி.

லைனில் இருந்தவர்கள் வீட்டைத் தங்கள் கையால் நீட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் ஒரு திண்ணை, பின்பக்கம் தகரம் சாய்த்து ஒரு சமையல்கட்டு, ஓரமாக முருங்கை. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டுச் சுவர் விரிசல் விடும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போயிருந்தது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே தெறிக்கும். வீடு அதிர்ந்ததும் ஷிப்டுக்குப் போனவரை நினைத்துப் பெண்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள். விரிசலைப் பிறகு பூசிக்கொள்ளலாம்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியேறியிருந்தது. மிச்சமாகச் சயனைடு மண்மேடுகள் நின்றன. வேலை போனால் வீடும் போகும் என்ற பழைய விதி இப்போது தலைகீழானது: வேலை போய்விட்டது, மக்கள் வீட்டை விட்டு நகரவில்லை. வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரவேண்டும் என்பது முன்னாள் தொழிலாளர்களின் நீண்டநாள் கோரிக்கை. அவர்கள் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நூறாண்டுக்கு முன் ஆள் கொண்டு வந்த அதே பாதை, இன்று ஆளை வெளியே கொண்டுபோகிறது.

கம்பெனியின் ஏடுகளில் தங்கத்துக்கு அவுன்ஸ் கணக்கு உண்டு. வீட்டுக்குள் நடந்தவற்றுக்குச் சாட்சி குடும்பங்களிடம் இருக்கும் காகிதங்களே. பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டைப் பக்கம் யார் வீட்டிலாவது தாத்தாவின் சுரங்கச் சம்பளச் சீட்டோ தங்கவயல் முத்திரை விழுந்த கடிதமோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.