காக்ளியர் கருவி: நரம்பின் பதிலைக் கொண்டு பேச்சுச் செயலியைச் சீரமைத்தல்

உள்காதில் பொருத்தப்படும் காக்ளியர் கருவியின் பேச்சுச் செயலியில், ஒவ்வொரு மின்முனைக்கும் உரிய மின்தூண்டலின் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் நிர்ணயிப்பது 'மேப்பிங்' எனப்படும். ஒலி கேட்கத் தொடங்கும் அளவு கீழ்வரம்பு. உரக்கக் கேட்டும் உறுத்தாத அளவு மேல்வரம்பு. பெரியவர்கள் கேட்டதைச் சொல்லிவிடுவார்கள். பிறவியிலேயே காது கேளாத ஒன்றரை வயதுக் குழந்தையால் எதைச் சொல்ல முடியும்? அங்கே கேட்பு நரம்பையே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு மின்முனை துடிப்பை அனுப்ப, பக்கத்திலுள்ள மின்முனை நரம்பின் பதிலைப் பதிவுசெய்கிறது. ஒரு மில்லிநொடிக்குள் தோன்றிவிடும் சிற்றலை அது. மனிதரிடம் இது பதிவானதை பிரவுன், அபாஸ், கான்ட்ஸ் ஆகியோர் 1990-இல் அயோவாவிலிருந்து வெளியிட்டனர். 22 மின்முனைகள் கொண்ட நியூக்ளியஸ் 24 கருவியில் இவ்வசதி உள்ளேயே அமைந்தது; அதற்கு 'என்.ஆர்.டி.' என்று பெயர். குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே, அறுவை மேசையிலேயே அளந்துவிடலாம். மின்முனைகளுக்கு நரம்பு பதிலளிக்கிறது என்ற உறுதியும் அப்போதே கிடைக்கும்.

ஆனால் நரம்பு பதிலளிக்கத் தொடங்கும் மின்தூண்டல் அளவை அப்படியே மேல்வரம்பாக வைத்துவிடக் கூடாது. சோதனைத் துடிப்புகள் நொடிக்குச் சில பத்துகள்தான். செயலியோ பல நூறு துடிப்புகளை அனுப்புகிறது. நரம்பு பதில் தரும் அளவு பெரும்பாலும் இரு வரம்புகளுக்கும் இடையே விழும். எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே அனுபவமுள்ள ஆடியாலஜிஸ்ட், மின்முனைகளுக்கிடையிலான ஏற்ற இறக்க வடிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மொத்த அளவைத் தாழ்வில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார். மேல்வரம்பைக் கணிக்க, நடுச்செவியின் ஸ்டேபீடியஸ் தசை அனிச்சையாகச் சுருங்கும் அளவு இதைவிட நம்பகமானது; நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் அது கிடைக்காது.

டெல்லியில் எய்ம்ஸ் போன்ற மருத்துவமனைகளில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை நடக்கிறது. மத்திய அரசின் 'அடிப்' திட்டம், 2014 திருத்தத்தின்படி, தகுதியுள்ள குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை வழங்கியது. பணம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பது தவறு. முதல் சில மாதங்களில் வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கும். மேப்பிங்குக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ ரயிலேறி வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு வருகையும் கூலியிழப்பு. நரம்பு அளவீடு கையிலிருந்தால் குழந்தை அழுது ஒத்துழைக்க மறுத்த நாளிலும் மேப்பிங் வீணாகாது. அப்போதும் குழந்தை கண் சிமிட்டுகிறதா, முகம் சுளிக்கிறதா என்று பார்த்துத்தான் மேல்வரம்பை முடிவுசெய்ய வேண்டும்.