குளத்தில் விழுந்த பேய்

என் பாட்டிக்கு ஒரே ஒரு பேய்க்கதைதான் தெரியும். தேக்கா பக்கத்திலிருந்த பழைய அடுக்குமாடி வீட்டில், மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"ஒரு கூனிப் பொண்ணுடா. மூஞ்சியப் பாக்க முடியாது. ஒரு தாத்தாதான் எடுத்து வளத்தாரு. அவரு செத்த பெறகு ஏதோ மருந்தக் குடிச்சிட்டு நெலாவுல போய் நின்னா. அப்படியே கூனு நிமிந்துச்சு பாரு! அம்மாடி, என்ன அழகு! ஆனா ரத்தம் மட்டும் நாக்குல படக்கூடாது. கல்யாணம் ஆச்சு, புருசன பாம்பு கடிச்சிருச்சு. அவன் மேல இருந்த ஆசையில வெசத்த உறிஞ்சினா. போச்சு."

அந்தப் "போச்சு"க்குப் பிறகு சின்ன இடைவெளி விடுவார். பிறகு ஒரு மெட்டை முணுமுணுப்பார். சொற்கள் மலாய் மாதிரி இருக்கும், மலாயாகவும் இருக்காது. நான் சிரிப்பேன்.

அது ஊரிலிருந்து பாட்டி கொண்டுவந்த நாட்டுப்புறக் கதை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. பாட்டி சொன்னது 1957-இல் வெளிவந்த 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தின் கதை. சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயர் சோமெல், நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ். அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

*

தமிழ் சினிமாவின் ஆரம்பகாலத்தைத் தேடிப் படிப்பவர்களுக்கு பி. என். ராவ் தெரிந்த பெயர்தான். 1939-இல் வெளிவந்த 'பிரகலாதா'வை இயக்கியவர். டி. ஆர். மகாலிங்கம் பிரகலாதனாகவும், அப்போது யாருக்கும் அதிகம் தெரியாத எம்.ஜி.ஆர். இந்திரனாகவும் நடித்த படம். அதே ஆண்டில் வந்த 'ரம்பையின் காதல்' படமும் அவருடையதே. 1941-இல் 'மதனகாமராஜன்'. தேவலோகம், அரசகுமாரர்கள், மாயம், மந்திரம், நடுவே பாட்டு, மறுபடியும் பாட்டு. அந்தக்காலத் தமிழ்ப்படத்தின் பிழைப்பே அதுதான்.

அவர் எப்படி சிங்கப்பூரில் மலாய்ப் பேய்ப்படம் எடுத்தார்? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப்படம் என்று சொல்லப்படுவது 1934-இல் வந்த 'லைலா மஜ்னுன்'. அதன் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். நடிகர்கள் 'பங்சாவான்' என்ற மலாய் மேடை நாடகக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அந்த பங்சாவானின் வேரும் இந்தியாவில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவான வடிவம் அது. அதே பார்சி நாடகம் நம் ஊர் மேடைகளையும் மாற்றியது. திரைச்சீலை, அரேபிய இரவுக் கதைகள், சண்டைக்கு நடுவில் பாட்டு என எல்லாம் அதன் பாதிப்பில் வந்தவை. ஆக 1939-இல் கோவை, சென்னைப் பக்கம் எடுக்கப்பட்ட மாயாஜாலப் படமும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட மலாய்ப்படமும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள்.

போருக்குப் பிறகு ஷா சகோதரர்கள் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸ் 8-ஆம் எண்ணில் ஸ்டூடியோ நடத்தினார்கள். அங்கே 1947 முதல் 1967 வரை படங்கள் உருவாயின. முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். சென்னையில் கே. சுப்ரமணியத்திடம் தொழில் கற்று வந்த எல். கிருஷ்ணன்தான் 1950-இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கினார். இயக்குநர் திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதுவார், ஜமில் சுலோங் போன்ற உதவியாளர்கள் அதை மலாய்க்கு மாற்றுவார்கள். படப்பிடிப்புத் தளத்தில் ஒரு வாக்கியம் இரண்டு மூன்று மொழிகளைத் தாண்டித்தான் நடிகரின் வாய்க்குப் போய்ச் சேரும்.

1953-இல் போட்டி வந்தது. காத்தே நிறுவனத்தின் லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து காத்தே-கெரிஸ் ஸ்டூடியோவைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தொடங்கினார்கள். முதலில் ஷாவிடம் வேலை பார்த்த ராவ் பிறகு இந்தப் பக்கம் வந்தார். 'பொந்தியானாக்' இங்கேதான் உருவானது.

*

மலாய் மக்களின் நம்பிக்கையில் பொந்தியானாக் என்பது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. வாழை மரத்தடியில் இருக்கும், கம்போஜாப் பூ வாசம் வந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், கழுத்திலோ உச்சந்தலையிலோ ஆணி அடித்தால் மறுபடியும் பெண்ணாகிவிடும். புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயை நிறுத்தும் ஊரிலிருந்து வந்த நமக்கு இது புரிய மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஆனால் கூன், மருந்து, நிலவு, ரத்தம் படக்கூடாது என்ற நிபந்தனை, இவை படத்துக்காகச் சேர்ந்தவை. கதையை எழுதியவர் மரியா மெனாடோவின் அப்போதைய கணவர் அப்துல் ரசாக். வரம் ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு நிபந்தனை ஒன்று. நிபந்தனையை மீறுவது கெட்ட புத்தியால் அல்ல, பாசத்தால். இந்தக் கணக்கு ராவுக்குப் பழகிய கணக்கு. இதை ராவ்தான் கொண்டுவந்தார் என்று எழுத என் கை துறுதுறுக்கிறது. எழுதக்கூடாது. எழுத்து ரசாக்குடையது.

படம் 1957 ஏப்ரல் 27 அன்று காத்தே திரையரங்கில் வெளியானது. நகரத்தின் முக்கிய அரங்குகளில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடியதாகச் சொல்கிறார்கள். கான்டனீசில் குரல் மாற்றி வெளியிட்டார்கள். சீனப் பாட்டிகளும் தமிழ்ப் பாட்டிகளும் மலாய்ப் பாட்டிகளும் ஒரே பேய்க்குப் பயந்தார்கள். அதே ஆண்டில் இரண்டாம் பாகம் 'தெண்டாம் பொந்தியானாக்' வந்தது. 1958-இல் மூன்றாவதாக 'சும்பா பொந்தியானாக்'. ஷா சும்மா இருப்பார்களா? பிலிப்பீன்ஸ் இயக்குநர் ராமோன் எஸ்டெல்லாவை வைத்து அதே ஆண்டில் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தார்கள். எண்ணெய் மனிதனைப் பற்றிய கதையையும் இரு தரப்பும் விடவில்லை. 1958-இல் காத்தே-கெரிஸில் எல். கிருஷ்ணன் 'ஓராங் மின்யாக்' எடுத்தார், ஜாலான் அம்பாஸில் பி. ரம்லி 'சும்பா ஓராங் மின்யாக்' எடுத்தார். ரம்லியின் படத்திலும் நாயகன் ஒரு கூனன், அவனும் மாயத்தால் அழகாகிறான். ஒருவர் கூனை நிமிர்த்திக் காசு பார்த்தால் எதிர் ஸ்டூடியோவும் ஒரு கூனை நிமிர்த்தியது.

*

இனி, நான் படத்தைத் தேடிய கதை. சின்னக் கதைதான். படம் இல்லை.

'பொந்தியானாக்'கும் அதன் இரண்டாம் பாகமும் தொலைந்த படங்கள். மூன்றாவது மட்டும் இருக்கிறது. ஹோ ஆ லோக், காத்தேயிலிருந்து பிரிந்தபோது முதலிரண்டு படங்களின் சுருள்களையும் எடுத்துச் சென்றதாகவும், பின்னாளில் வீடு மாறும்போது வைக்க இடமில்லாமல் ஈயச் சுரங்கக் குளம் ஒன்றில் எறிந்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. இதைச் சொல்பவர்கள் எல்லாரும் கேட்டுச் சொல்பவர்கள்தான். குளத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை.

இதைப் படித்த வாரத்தில்தான் வேறொரு செய்தியும் கண்ணில் பட்டது. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்து, கட்டணங்கள் சேர்த்து 3.25 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. 2005-இல் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, 2018-இல் மீட்கப்பட்ட ஜோடி அது. இன்னொரு ஜோடி வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

அந்தப் படமும் 1939-இல் வந்ததுதான், ராவின் பிரகலாதனும் ரம்பையும் திரைக்கு வந்த அதே ஆண்டு. அது எடுக்கப்பட்ட விதம் குறித்து அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. தகர மனிதனாக முதலில் நடிக்க வந்த பட்டி எப்சன் அலுமினியப் பொடியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனார். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் புகையோடு மறையும் காட்சியில் தீக்காயம் பட்டார். வானவில் பாட்டை முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு வெட்டிவிடப் பார்த்தார்கள். கூடவே ஒரு பொய்க்கதையும் உண்டு. காட்டுக் காட்சியில் பின்னணியில் ஒரு குள்ள நடிகர் தூக்கில் தொங்குவது தெரிகிறது என்று பல வருடங்கள் பேசிக்கொண்டார்கள். துலக்கிய பிரதியைப் போட்டுப் பார்த்தால் சிறகை விரிக்கும் ஒரு பெரிய பறவை.

எனக்கு அந்தப் பறவைதான் மனதில் நின்றது. படம் கையில் இருப்பதால் பொய்யை ஓட்டிப் பார்த்து நிறுத்த முடிகிறது. நம் பக்கம் அது முடியாது. சோமெலின் கூன் நிமிரும் காட்சியை எப்படி எடுத்தார்கள்? அந்தக்கால வழக்கப்படி கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒப்பனையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, துண்டுகளை ஒன்றில் ஒன்று கரைய விட்டிருக்கலாம். வேறு ஏதாவது தந்திரம் செய்திருக்கலாம். திரையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. நடிகையும் 1963-இல் பகாங் சுல்தானை மணந்துகொண்டு திரையை விட்டுப் போனார்.

எல்லாமே போய்விட்டது என்று புலம்பவும் முடியாது. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் முயற்சியில் காத்தே-கெரிஸின் 91 மலாய்ப்படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. 2019-இல் க்ளென் கோயியும் கேவின் யாப்பும் எடுத்த புதிய பொந்தியானாக் படத்தின் மலாய்ப் பெயர், தொலைந்துபோன இரண்டாம் பாகத்தின் பெயரேதான். ஆனாலும் முதல் படத்துக்கு ஈடு கிடையாது.

*

நம் ஆட்கள் இந்த வரலாற்றைச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. "மலாய் சினிமாவை உருவாக்கியதே நாமதான் தம்பி" என்று தீபாவளி விருந்துகளில் கேட்டிருக்கிறேன். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். நானும் ஒருகாலத்தில் தலையாட்டியவன்தான்.

அந்த "நாம"வில் நிறைய ஓட்டை இருக்கிறது. ராஜ்ஹன்ஸ் தமிழர் இல்லை. 'ஹங் துவா'வை வண்ணத்தில் எடுத்த பானி மஜும்தார் வங்காளி. ராவ் தமிழில் படம் எடுத்தவர், ஆனால் கேரளத்துக்காரர். அதைவிட முக்கியம், மலாய் எழுத்தாளர்களும் கலைஞர்களும் அன்றே வைத்த குறை. சேலையைக் கழற்றி கெபாயா மாட்டிவிட்டால் அது மலாய்க்கதை ஆகிவிடுமா என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். இந்தியப் படக் கதைகளை அப்படியே பெயர் மாற்றி எடுத்த படங்கள் இருந்தன, கேள்வி நியாயமானது. 1954-இல் கலைஞர்கள் 'பெர்சாமா' என்ற சங்கம் அமைத்தார்கள். 'பொந்தியானாக்' வந்த அதே 1957-இல் ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தம் நடந்தது. 1955-இல் 'பெனாரிக் பெச்சா' மூலம் ரம்லி இயக்குநரானது வெறும் பதவி உயர்வு இல்லை. தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்ற ஆசைக்குக் கிடைத்த இடம்.

அந்த ரம்லிக்கு முதல் நாயக வேடம் கொடுத்தவர் கிருஷ்ணன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் அது விருந்துப் பேச்சு.

போன மாதம் ஒரு ஞாயிறு, சிராங்கூன் சாலையிலிருந்து பாலஸ்டியர் வழியாக ஜாலான் அம்பாஸுக்கு நடந்தே போனேன். 'அம்பாஸ்' என்றால் சக்கை. 1830-களில் ஜோசப் பாலஸ்டியர் என்ற அமெரிக்கத் தூதர் அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்தார், அதனால் வந்த பெயர். ஸ்டூடியோவின் வாயிற்கதவு பூட்டியிருந்தது. இந்தக் கதவுக்குள் நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் ரம்லியின் 'செனிமான் புஜாங் லாபோக்' (1961) படத்தைப் பாருங்கள். மூன்று வெட்டிப்பயல்கள் நடிக்க வாய்ப்புக் கேட்டு இதே ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். வாசலில் சீக்கியக் காவலாளி, உள்ளே கத்தும் இயக்குநர், வசனம் மறக்கும் நடிகர்கள். தன் பட்டறையைத் தானே கேலி செய்து ரம்லி விட்டுப்போன திரைமறைவுக் கதை அது.

அன்றிரவு 'சும்பா பொந்தியானாக்'கைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கதைக்காக இல்லை, பாட்டுக்காக. ஒவ்வொரு பாட்டு வரும்போதும் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். பாட்டி முணுமுணுத்த மெட்டு அதில் இல்லை.

அப்படியென்றால் முதல் படத்தின் பாட்டாக இருக்கலாம். வேறு ஏதாவது மலாய்ப் பாட்டு பாட்டியின் நினைவில் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாட்டியே இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம். சரிபார்க்கப் படம் இல்லை, கேட்கப் பாட்டியும் இல்லை. அவர் பாடியபோது என் கையில் தொலைபேசி இருந்தது. பதிவு செய்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மெட்டில் பாதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறந்துபோவதற்கு முன்னால் ஒருமுறை முணுமுணுத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், தப்போ சரியோ. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்தால், அவர் காத்தேயில் படம் பார்த்தவராக இருந்தால், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.